பம்பு வேண்டாம் என்ற கார்

பகலவனைக் கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் அழைப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மண்டபத்து ஜெனரேட்டர் லேசாக இருமினால் போதும், மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். பாயசம் வரும் நேரத்துக்குத் திரும்பி வருவார். வெள்ளைச் சட்டையில் கரி, முகத்தில் மாப்பிள்ளைக்கும் இல்லாத சந்தோஷம். "டீசல்ல தண்ணி கலந்திருக்குங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார், அவர் கேட்காமலே.

நன்னிலத்திலிருந்து பூந்தோட்டம் போகிற சாலையில் அவருடைய டிராக்டர் பட்டறை இருக்கிறது. வயது நாற்பத்தெட்டு. அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் திருவாரூரில் ஐ.டி.ஐ. படித்து, ஷார்ஜாவில் ஒன்பது வருடம் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்து, ஒரு பெட்டி ஸ்பேனரோடு ஊர் திரும்பினார். பட்டறைக்கு வந்த எந்த டிராக்டரையும், தானே ஒரு மா நிலம் உழுது பார்க்காமல் வெளியே விடமாட்டார். நடவு நேரத்தில் வரப்பில் நின்று பல்லைக் கடிக்கும் விவசாயிகளிடம், "பத்து நிமிஷம்ங்க, சத்தம் எனக்குப் பிடிக்கல" என்பார். அந்தப் பத்து நிமிஷம் எத்தனை நீளம் என்று சுற்று வட்டாரத்துக்கே தெரியும். திட்டிக்கொண்டே மறுபடி அவரிடம்தான் வருவார்கள்.

அவருடைய மனைவி மதிவதனி உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. "எனக்கு வாச்சவருக்குக் காது மட்டும்தான் இருக்கு, கண்ணே கிடையாது. புதுப் புடவை கட்டினா தெரியாது, ஃபேன்ல பேரிங் தேஞ்சா தெரியும்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்த இரும்பு பட்டது போன வருடம் ஐப்பசியில்.

கும்பகோணத்தில் பல் டாக்டராக இருக்கும் குந்தவைக்கு நன்னிலம் பக்கம் பூர்வீக நிலம் உண்டு. வாய்க்கால் ஓரத்தில் இடிந்து கிடந்த இன்ஜின் கொட்டகையை எடுத்துவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாக ஏற்பாடு. இடிபாடுகளை அள்ள டிரெய்லரோடு டிராக்டரைக் கொண்டுவந்த பகலவன், கூரை ஓடுகளுக்கு அடியில் அந்த இன்ஜினைப் பார்த்தார். நான்கு சிலிண்டர். கழுத்துவரை கறையான் புற்று. கையால் மண்ணைத் தள்ளினார். வார்ப்பிலேயே ஆங்கில எழுத்துகள் இருந்தன. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். பாட இடைவேளையில் பதில் வந்தது: "கிரம்லி. இண்டியானா. இதை எங்கே பிடிச்சீங்க?"

பகலவன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

குந்தவைக்கு அந்த இன்ஜினைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அது முதலில் கார். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் காரில் குடும்பத்தோடு மாயவரத்துக்குக் கடைமுழுக்குக்குக் கிளம்பினாராம். ஐப்பசி கடைசி நாள் காவிரியில் முழுக வேண்டியவர், வழியெல்லாம் வண்டி கொதித்து நின்று, மறுநாள் கார்த்திகை ஒன்றாம் தேதிதான் போய்ச் சேர்ந்தாராம். நல்லவேளையாகப் பிந்தி வருகிறவர்களுக்கென்றே அந்த ஊரில் முடவன் முழுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. புண்ணியம் தப்பியது. கார் தப்பவில்லை. ஊர் திரும்பியதும் இன்ஜினைக் கழற்றி, வாய்க்கால் கரையில் வைத்து, தண்ணீர் இறைக்கப் பம்போடு பெல்ட் போட்டு மாட்டிவிட்டார்கள். இரண்டாவது விஷயம், அப்படி மாட்டிய பிறகு கரண்டு மோட்டார் வரும் வரைக்கும் முப்பது குறுவைக்கு அது ஓடியதாம். நாள் பூராவும் ஓடுமாம்.

"எங்க வீட்ல எல்லாத்தையும் கொஞ்சம் பெருசாத்தான் சொல்லுவாங்க" என்று குந்தவையே சேர்த்துக்கொண்டார். பிறகு, "புதுச்சேரியில ஒரு ஹோட்டல்காரங்க கேட்டிருக்காங்க. ரிசப்ஷன்ல வைக்கப் போறாங்களாம். தங்கக் கலர் அடிச்சு, மேல பூந்தொட்டி" என்றார்.

பகலவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "டாக்டரம்மா, உயிர் இருக்கிறது மேல யாராவது பூந்தொட்டி வைப்பாங்களா?"

"உயிர் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஹேண்டிலைச் சுத்திப் பாத்தேன். அரை விரக்கடை அசையுது."

குந்தவை நியாயமானவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பேசிப் பழகியதால் பேச்சைச் சுருக்கமாக முடிப்பவர். "ஆனி மாசம் வரைக்கும் டைம் தரேன். நிக்காம ஒரு மணி நேரம் தண்ணி இறைச்சுக் காட்டுங்க. ஓடுச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க, இந்த இடத்துலயே இருக்கட்டும். ஓடலைன்னா ஹோட்டலுக்கு. சரியா?"

சரி என்று சொல்லும்போது பகலவன் ஏற்கெனவே புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

கிரம்லி யார் என்பது இணையத்தில் தேடத் தேடத் தெரியவந்தது. அமெரிக்காவில் டேல் என்று ஒருவர், பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், உலகத்தில் மிச்சமிருக்கும் கிரம்லி கார்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார். மொத்தம் நான்கு கார்கள். நான்கும் கூடுதான், ஒன்றிலும் சொந்த இன்ஜின் இல்லை. நன்னிலத்திலிருந்து போன போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய பதிலில் ஆச்சரியக்குறியைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்று மதிவதனி சொன்னார்.

டேல் சொன்ன கதை மதிவதனி வழியாகப் பகலவனுக்கு வந்து, பகலவன் வழியாக நன்னிலம் டீக்கடைகளுக்குப் போனது. எலியாஸ் கிரம்லி என்பவர் இண்டியானாவில் சோளம் உதிர்க்கும் இயந்திரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1909-இல் கார் செய்ய இறங்கினார். அப்போது அங்கே தெருவுக்கு ஒரு கார் கம்பெனி. நேற்றுவரை சாரட்டு வண்டி செய்தவன், சைக்கிள் விற்றவன், எல்லோரும் முதலாளி. அந்தக் காலத்துக் கார்களில் இன்ஜினுக்குத் தண்ணீர் சுற்றும் பம்புதான் அடிக்கடி ஒழுகும். கிரம்லி யோசித்தார். சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது. ஆறினால் தானாகக் கீழே இறங்குகிறது. இதற்கு நடுவில் பம்பு எதற்கு? பம்பைத் தூக்கிவிட்டார். "பம்பு இல்லாத கார். கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு" என்று பத்திரிகைகளில் விளம்பரம். முதல் வருடம் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

சமதளத்தில், குளிர் காலத்தில், கார் ராஜா மாதிரி ஓடியது. கோடையில் மேட்டில் ஏறினால் கொதித்தது. பத்திரிகைக்காரர்கள் அதற்குக் கெட்டில் என்று பேர் வைத்தார்கள். பட்டறை ஆட்களே கிரம்லியிடம் போய், சின்னதாக ஒரு பம்பு வைத்துவிடலாம் ஐயா என்றார்கள். மனிதர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். பம்பு இல்லை என்று ஊர் அறியச் சொல்லிவிட்டு, இப்போது எப்படி வைப்பது? 1912-இல் கதவைச் சாத்தினார். மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பதினேழு கார். அதோடு சரி.

"பெரிய கை வேலைக்காரன்! இந்த வார்ப்பைப் பாருங்க, வெண்ணெய் மாதிரி. ஒரு சின்ன பம்பு வச்சிருந்தா இன்னிக்கு உலகம் பூரா கிரம்லிதான். பிடிவாதம் பிடிச்சுக் கெட்டான்" என்று பகலவன் கிரம்லியை ஒரே மூச்சில் கொஞ்சவும் செய்வார், ஏசவும் செய்வார்.

"ஒங்களுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் போல இருக்கே" என்றார் மதிவதனி.

எட்டு மாதம். தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைக் கும்பகோணத்தில் புதிதாகச் சுற்றி வாங்கினார். பூந்தோட்டத்தில் லேத் வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக், பிஸ்டன் வளையங்களை நான்கு முறை கடைந்து, நான்காவது முறைக்குப் பிறகு, "அண்ணே, இனிமே நீங்க இந்தப் பக்கம் வந்தா நான் கடையைப் பூட்டிடுவேன்" என்று கும்பிட்டார். டேல் பழைய வரைபடங்களை அனுப்பினார். பகலவன் அவற்றைப் பெரிதாக்கிப் பட்டறைச் சுவர் முழுக்க ஒட்டினார். வரைபடத்தில் உள்ளபடியே திருச்சியில் ஒரு ரேடியேட்டரும் செய்து வாங்கினார். இன்ஜினின் அடிப்பக்கத்தில், தண்ணீர் அறை ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்குத் துருவேறிய ஓர் ஓட்டை இருந்தது. வரைபடத்தில் அப்படி ஓட்டை இல்லை. யாரோ எப்போதோ உடைத்துத் தொலைத்திருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அதை ஒரு போல்ட் போட்டு இறுக்கி, எம்-சீல் வைத்துப் பூசி, மேலே பெயின்டும் அடித்தார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அந்த நேர்த்தியில் அவருக்குத் தனிப் பெருமை.

ஆனி பிறந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலும் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கொட்டகை இருந்த வாய்க்கால் கரையிலேயே சோதனை. குந்தவை குடையோடும் கைக்கடிகாரத்தோடும் வந்தார். மதிவதனி போனை உயர்த்திப் பிடித்தார். அதில் டேல், அவர்கள் ஊரில் சனிக்கிழமை ராத்திரி, தலையில் தொப்பியோடு தெரிந்தார். வரப்பு முழுக்க ஜனம்.

பகலவன் ஹேண்டிலை அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் இன்ஜின் ஒரு தும்மல் தும்மி, கரும்புகை கக்கி, பிடித்துக்கொண்டது! டுப்டுப்டுப்டுப் என்று அறுபது வருடத் தூக்கம் கலைந்த சத்தம். பெல்ட் சுற்றியது, பட்டறையிலிருந்து கொண்டுவந்த பம்பு உறிஞ்சியது, தண்ணீர் வயலில் பாய்ந்தது. ஜனம் கூவியது. போனுக்குள் டேல் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பகலவன் நடு வயலில் நின்று அழுதுகொண்டிருந்தார், அதை அவரே கவனிக்கவில்லை.

பதினோராவது நிமிடம் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி. பதினாலாவது நிமிடம் குழாய் பிடுங்கிக்கொண்டு கொதிநீர் சீறியது. பகலவனே ஓடிப்போய் நிறுத்தினார்.

 டேல்தான் மெதுவாகச் சொன்னார். மதிவதனி சொல்லுக்குச் சொல் மாற்றினார்: "வருத்தப்படாதீங்க. எந்தக் கிரம்லியும் நின்ன இடத்துல இருபது நிமிஷத்தைத் தாண்டினதில்ல. எங்க பதிவேட்டுல இருக்கிற அந்தக் காலத்துக் குறிப்பெல்லாம் அப்படித்தான் சொல்லுது. நீங்க செஞ்சதுல தப்பில்ல. அந்த டிசைனே அப்படி."

குந்தவை குடையை மடக்கினார். "புதன்கிழமை காலைல ஹோட்டல் லாரி வரும் பகலவன். நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதுதான் பகலவனுக்கு அதிகமாக வலித்தது.

 தோற்றது வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிட ஒன்று அவரைக் குடைந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் தாண்டாத இன்ஜினை எந்த மடையன் முப்பது குறுவைக்கு வைத்துக்கொண்டிருப்பான்? பெருமைக்காகக் கதை விடலாம். நாற்றங்கால் காய்ந்தால் எந்தக் கதையும் நிற்காது. அப்படியானால் ஓடியிருக்கிறது. எப்படி?

திங்கட்கிழமை காலையில் சாமான்களை ஏற்றக் கொட்டகைக்குப் போனார். பழைய பம்பின் கூடு வாய்க்கால் ஓரத்தில் காட்டாமணக்குப் புதருக்குள் கிடந்தது. போகட்டும், இதையும் எடுத்துப் போட்டுக்கொள்வோம் என்று புரட்டினார். தண்ணீர் வெளியேறும் வாயின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. கட்டைவிரல் அகலம்.

பகலவன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விரலை உள்ளே விட்டார். உடைந்த விளிம்பில்லை. மழமழவென்று மரை ஓடியது. கைத்துளைப்பானால் பொறுமையாகக் குடைந்து, மரை வெட்டிய ஓட்டை. பட்டறைக்குப் பறந்தார். இன்ஜினில் தான் அடைத்த போல்ட்டின் ஜோடி ஒன்று டப்பாவில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பம்பு ஓட்டையில் வைத்துத் திருகினார். சொந்த வீட்டுக்குள் போவது போல் போனது.

பம்பிலிருந்து ஒரு குழாய். இறைக்கிற தண்ணீரில் ஒரு விரற்கடை தண்ணீரைப் பிரித்து இன்ஜினுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே பச்சைத் தண்ணீர் நுழைய, மேலே சுட்ட தண்ணீர் வாய்க்காலில் விழ. ரேடியேட்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எந்தப் பம்பு வேண்டவே வேண்டாம் என்று கிரம்லி கம்பெனியை மூடினாரோ, அந்தப் பம்பை அந்த இன்ஜின் கையாலேயே சுற்றவைத்து, அதன் தண்ணீரையே அதற்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறான் ஒருவன்!

அந்த வாயைத்தான் இவர் எம்-சீல் வைத்துப் பூசினார். பெயின்ட் வேறு.

"மடையன் நான்! மடையன்!" என்று கத்திக்கொண்டே பைக்கை எடுத்தார். எட்டாம் வகுப்பில் மதிவதனி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலில் கணவரின் தலை தெரிந்தது. "மதி! அது உடைசல் இல்ல மதி! வாய்! நான்தான் அடைச்சுட்டேன்!" பிள்ளைகள் சிரித்ததில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மதிவதனி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலருகே வந்து, "மொதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அப்புறமா வந்து என் மானத்தை வாங்குங்க" என்றார்.

குந்தவை ஒருவருக்குப் பல் குடைந்துகொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் அலறியது. "டாக்டரம்மா, ஓட்டையை அடைச்சுட்டேன்!"

"அடைச்சா நல்லதுதானே?" என்றார் குந்தவை.

விஷயம் புரிய அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. "புதன்கிழமை ஏழு மணிக்கு வரேன். லாரி எட்டரைக்குத்தான் வரும். அதுக்குள்ள ஒரு மணி நேரம். இதுதான் கடைசி" என்றார்.

ஜாஃபர் சாதிக் கடையைப் பூட்டவில்லை. விஷயத்தைக் கேட்டதும், கையிலிருந்த வேலையைத் தூக்கி வைத்துவிட்டு, பட்டறைப் பம்பில் துளை போட்டு, குழாயும் மரையும் தானே செய்து, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கொண்டுவந்து பொருத்தினார். பகலவன் தன் எம்-சீலைத் தானே சுரண்டி எடுத்தார். ஒவ்வொரு சில்லுக்கும் தன்னைத்தானே ஒரு திட்டு.

புதன்கிழமை ஏழு மணி. லாரிக்காரர்கள் முன்கூட்டியே வந்து, கயிறும் பலகையுமாகக் கரையில் குந்தியிருந்தார்கள். ஹேண்டில் இரண்டாவது அடியிலேயே பிடித்தது. சின்னக் குழாயில் தண்ணீர் ஏறியது. இன்ஜின் தலையிலிருந்து அது வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழுந்தது.

பத்தாவது நிமிடம்.  பதினாலு. பகலவன் இன்ஜின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. "குழந்தைக்கு ஊத்தலாம் இந்தத் தண்ணிய!" என்று கத்தினார். இருபது தாண்டியதும் போனுக்குள் டேல் நாற்காலியை விட்டு எழுந்தார். முப்பதில் அவருடைய மனைவியையும் கூப்பிட்டார். நாற்பதில் லாரிக்காரர்களே எழுந்து வந்து இன்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். ஐம்பதில் பெட்ரோல் டப்பா காலியாகிற மாதிரி இருக்க, ஜாஃபர் சாதிக் தன் பைக்கிலிருந்து உறிஞ்சிக் கொண்டுவந்து ஊற்றினார்.

"ஒரு மணி நேரம்" என்றார் குந்தவை. "ஆயிடுச்சு!" பல் டாக்டர் குடையைத் தூக்கி வயலில் எறிந்தார்.

கூச்சலில் இன்ஜின் சத்தமே அமுங்கிவிட்டது. மதிவதனி போனோடு குதித்ததில் டேல் வானத்தையும் நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். லாரி காலியாகத் திரும்பியது. "நிறுத்திடலாமே" என்று யாரோ சொன்னார்கள். "அந்தக் கடைசி வயலுக்குத் தண்ணி இன்னும் எட்டல" என்றார் பகலவன். ஒன்பதே முக்காலுக்குத்தான் நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும் டேல் பேசினார். நூறு வருடமாகத் தீராத நோயைத் தீர்த்தவர் யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், பெயர் சொல்லுங்கள் என்றார்.

பகலவன் குந்தவையைப் பார்த்தார். குந்தவை தன் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். கார் எந்த வருடம் வாங்கியது, யாரிடம் வாங்கியது, என்ன கலர், முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் யார் யார் என்று அவர் எல்லாம் சொன்னார். இன்ஜின் ஓட்டியவர் பேர்? "பண்ணையாள் ஒருத்தன் பாத்துக்கிட்டான்மா. பேரு யாருக்குத் தெரியும்?" ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. குந்தவை முகம் சுருங்கிப் போனை அணைத்தார்.

பகலவனின் தெருவிலும் விசாரித்தார்கள். அவரவர் தாத்தாக்கள் அந்தப் பண்ணையில்தான் வேலை பார்த்தார்கள். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பகலவனுடைய சொந்தத் தாத்தாவாகக்கூட இருக்கலாம். சொல்ல ஆளில்லை.

"அப்படின்னா உங்க பேரையே போட்டுடறேன். கண்டுபிடிச்சது நீங்கதானே?" என்றார் டேல்.

மதிவதனி அதை மாற்றிச் சொன்னதும் பகலவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அடைச்சவன். தெறந்தவன் வேற ஒருத்தன். என் பேரைப் போட்டா இன்னொரு தடவை அடைச்ச மாதிரி ஆயிடும். நான் சொல்றதை அப்படியே எழுதச் சொல்லு மதி."

அவர் சொல்லச் சொல்ல மதிவதனி ஆங்கிலத்தில் சொன்னார்: நன்னிலம் பக்கம் பண்ணையில் வேலை பார்த்தவர். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

டேல் எழுதிக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, முதல் வரி போதுமே, இரண்டாவது வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"கூடாது" என்றார் பகலவன். இந்தச் சொல்லை மட்டும் அவரே ஆங்கிலத்தில் சொன்னார்.